புணாணையில் இன்னொரு தரம்

மர்சூக்கின் தங்கச்சியை அடக்கம் செய்த நாளில் நான் நீராவி ரயிலில் காடு பார்த்துக்கொண்டு போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒத்திப்போட்டால் எஞ்சினின் அழகையும் புகையின் அழகையும் கதைத்துக் கதைத்தே மற்றதை மழுப்பிவிடுவேன். அந்தக் கெட்ட புத்தி எனக்கு உண்டு.

என் பெயர் திவாகரன். மட்டக்களப்புப் புளியந்தீவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, அடையாள அட்டைப் படம் எல்லாம் எடுப்பேன். மர்சூக் ஏறாவூர்க்காரன். நான் எடுக்கும் படங்களுக்குக் கண்ணாடி வெட்டிச் சட்டம் அடிப்பது அவன்தான். இருபத்தாறு வருசமாக அவன் கைபடாமல் என் கடையிலிருந்து ஒரு பெரிய படமும் வெளியே போனதில்லை. நாங்கள் சண்டை பிடிக்காத விசயமும் இல்லை. கிரிக்கெட்டுக்குச் சண்டை, தேர்தலுக்குச் சண்டை, இறைச்சிக் கறிக்குப் பால் விடுவதா வேண்டாமா என்பதற்குக்கூடச் சண்டை. ஆனால் எனக்கொரு கஷ்டம் என்றால் என் கை முதலில் தேடுவது அவனுடைய நம்பரைத்தான். அவனுக்கும் அப்படித்தான்.

தங்கச்சி றஸீனாவை வளர்த்தது மர்சூக்தான். அவர்களுடைய உம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பத்தொன்பது. தலை பின்னிவிடுவதிலிருந்து பள்ளிக்கூடத்தில் போய்க் கையெழுத்துப் போடுவது வரை எல்லாம் அவன். பிறகு பொலன்னறுவைக்குப் பக்கத்தில் கதுருவெலயில் கட்டிக் கொடுத்தான். மாப்பிள்ளை நல்ல மனிசன், நாலு வருசத்துக்கு முன் நெஞ்சு வலியில் மௌத்தாகிவிட்டார். ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் கத்தாரில். மகள் இன்ஷிரா மட்டும் தாயோடு இருந்தாள். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி றஸீனா படுக்கையில் விழுந்த பிறகு, போன தை மாதம் மர்சூக் பார்க்கப் போனபோது அவள் அவனிடம் ஒரு வாக்கு வாங்கினாள். திரும்பி வந்த அன்று என் கடைக் கதிரையில் இருந்து அதைச் சொன்னான்.

“காக்கா, என்னக் கபுறுக்குள்ள நீங்கதான் வைக்கணும், புறத்தி ஆம்புள ஒருத்தர்ர கையும் படப்படா எண்டு சொல்றாள் மச்சான். நான் என்னத்தச் சொல்ற? ஓம் எண்டு சொல்லிட்டு வந்தன்.”

அவர்களுடைய முறையில் பெண்ணின் மையத்தை, செத்த உடலை, கபுறுக் குழிக்குள் இறக்குவது உரித்துள்ள ஆண்கள். மகன், புருசன், கூடப் பிறந்தவன். கடைசியாக முகம் பார்ப்பதும் அவர்கள்தான். மையத்தை நாள்கணக்கில் வைத்திருக்கும் வழக்கமும் இல்லை. ராத்திரி உயிர் போனால் காலையில் அடக்கம். கத்தாரிலிருந்து பிள்ளைகள் வந்து சேருமட்டும் யாரும் பொறுக்க மாட்டார்கள். ஆகவே றஸீனாவுக்கு மிஞ்சியிருந்தது இந்தக் காக்கா, கூடப் பிறந்த அண்ணன், ஒருவன்தான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ரயில் விசயம் இப்படி. கொழும்பில் ஒரு சுற்றுலாக் கம்பனி, துருப்பிடித்துக் கிடந்த பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் திருத்தி எடுத்து, சிவப்புப் பெட்டிகள் நாலைப் பூட்டி, மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்குக் காட்டு வழியாக ஒரு சவாரி ஏற்பாடு செய்திருந்தது. வெள்ளைக்காரர்களும் கொழும்புப் பணக்காரருமாக நாற்பது பேர். அவர்களோடு வரவிருந்த படப்பிடிப்பாளருக்கு டெங்கு. எங்கேயோ விசாரித்து என்னைப் பிடித்தார்கள். பிடித்தவன் அப்ஹாம், சவாரிக்குப் பொறுப்பான ஆள், முப்பது வயதிருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். சம்பளம் இல்லை என்றாலும் போயிருப்பேன். ஐம்பத்து மூன்று வயதில் முதல்நாள் ராத்திரி நித்திரை வராமல் கிடந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடிய ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் நின்றேன். எஞ்சின் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது மர்சூக் போன் எடுத்தான்.

“மச்சான், றஸீனா மௌத்து. ராத்திரிப் பதினொரு மணிக்காம். நான் இப்பதான் போனப் பாத்தன்.”

“எத்தின மணிக்கு அடக்கம்?” என்று கேட்டேன்.

“பத்துக்கு. முத்தலிப்ட வான் நிக்குது. அதக் கேட்டு எடுத்துப் போவமா எண்டு பாக்கன்.”

முத்தலிப் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரன். அந்த வானில் ஏறியிருந்தால் ஏழரைக்கெல்லாம் கதுருவெலயில் நின்றிருப்பான். ஆனால் ரயில் பற்றி என் காதில் விழுந்தால் என் வாய் சும்மா இருக்காது.

“வான் என்னத்துக்கு? றோட்டில ரெண்டு இடத்தில வேலை நடக்குது, மறிச்சு மறிச்சு விடுறாங்க. ஏழு மணிக்கு ஏறாவூருக்கு ரயில் வரும். ஏறினியெண்டா ஒம்பதுக்குள்ள கதுருவெல. உன்ர முழங்காலையும் நீட்டிக்கொண்டு போகலாம்.”

“உன்ர புகை ரயில் முன்னுக்குப் போகுதே, அது மறிக்காதா?”

“அது புணாணையில ஒதுங்கி வழி விடும். எல்லாம் நேரம் போட்டுத்தான் வச்சிருக்காங்க.”

“சரி மச்சான். நீ சொன்னாச் சரி.”

நான் ஸ்டேஷனை விட்டு அவனோடு போயிருக்க வேண்டும். அந்த எண்ணம் வரத்தான் செய்தது. ஒப்புக்கொண்ட வேலை, இந்த நேரத்தில் ஆளை விட்டுவிட்டு எப்படிப் போவது, பின்னேரம் ஏறாவூருக்குப் போய்த் துக்கம் விசாரிக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் கூவியது. சமாதானம் சொல்வதையும் மறந்துவிட்டேன்.

வாவிப் பக்கம் இன்னும் மூட்டமாக இருந்தது. தண்ணீரும் தெரியவில்லை, தோணியும் தெரியவில்லை, தோணிக்காரனின் தலை மட்டும் போனது. ஏறாவூரைத் தாண்டும்போது கதவடியில் நின்று பார்த்தேன், மேடையில் ஆட்கள் இல்லை. கிரான் பக்கம் வயல் வட்டையெல்லாம் வேளாண்மை வெட்டி முடிந்து, தாள் ஒட்டுக்குள் மாடுகள் நின்றன. சத்தம் கேட்டு வாலைக் கிளப்பிக்கொண்டு ஓடின. வீட்டு வாசல்களில் பல்விளக்கிக்கொண்டு நின்ற சனம் வாய் நுரையோடு கை காட்டியது. வெள்ளைக்காரரும் கை காட்டினார்கள். நானும்தான்.

வாழைச்சேனையில் ஐந்து நிமிசம் நின்றோம். அங்கேதான் ஸ்டேஷன் மாஸ்டர் டப்லட்டைக் கொண்டுவந்து எஞ்சின் டிரைவரிடம் கொடுத்தார். பிரம்பு வளையம், அதில் ஒரு தோல் பை, பைக்குள் ஒரு தகடு. அது ஏன் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானே விளங்கப்படுத்தினேன். இங்கே ஒரு தண்டவாளம்தான். இந்தத் தகடு யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத்தான் வாழைச்சேனைக்கும் புணாணைக்கும் இடையிலுள்ள பாதை சொந்தம். நாங்கள் புணாணைக்குப் போய் இதைத் திருப்பிக் கொடுக்குமட்டும் பின்னால் வருகிற ரயில் வாழைச்சேனையை விட்டு அசையாது, உள்ளே யார் இருந்தாலும் அசையாது. அவள் மிகவும் நல்ல முறை என்றாள். நானும் பெருமைப்பட்டேன், ஏதோ நான் கண்டுபிடித்தது மாதிரி.

ஓட்டமாவடிப் பாலம் கழிந்து கொஞ்சத் தூரத்தில் காடு வந்துவிட்டது. சாதாரண ரயிலில் போகும்போது அந்தக் காடு ஜன்னலில் இழுபட்டுக்கொண்டு ஓடும், ஒன்றும் கண்ணில் நிற்காது. இது மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். ஒவ்வொரு மரமாகப் பார்க்கலாம். பாலை, வீரை, முதிரை. தண்டவாளத்து ஓரத்தில் யானை லத்தி, இன்னும் ஆவி பறந்தது. நீர் தேங்கிய பள்ளங்களில் தாமரை, அதன் நடுவில் அசையாமல் ஒரு செங்கால் நாரை. மயில்கள் எஞ்சினைக் கண்டு பயப்படவே இல்லை. பெட்டிக்குள் எண்ணெய்ப் புகையும் சூடான இரும்பும் கலந்த வாசம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. என் கூட்டாளியின் தங்கச்சி மையத்தாகக் கிடக்கிற காலையில், எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஏழே கால் இருக்கும், காட்டு நடுவில் ரயில் நின்றது. இப்படியான சவாரிகளில் அது ஒரு வழக்கமாம். எல்லோரும் இறங்கி ஓரத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ரயில் வெறும் பெட்டிகளோடு ஒரு கிலோமீற்றர் பின்னால் போய், பிறகு புகையை அள்ளிக் கக்கிக்கொண்டு முன்னால் ஓடி வரும். ஆட்கள் படம் எடுப்பார்கள். கால்மணித்தியாலம் இதற்கென்றே நேர அட்டவணையில் போட்டிருந்தது. பின்னால் வரும் ரயிலுக்கு இதனால் ஒரு கெடுதியும் இல்லை.

நான் முன்னாலேயே பார்த்து வைத்த இடத்தில், ஒரு கறையான் புற்றுக்குப் பக்கத்தில் குந்தினேன். ரயில் வந்தது. நான் அழுத்துகிற நேரம் பார்த்துக் காற்றுக் கிறுகி, புகை முழுவதும் எங்கள் பக்கம் கவிழ்ந்தது. போதாக்குறைக்குச் சிவப்புத் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போய் நின்றார். மனதுக்குள் அவரை நல்லாகத் திட்டினேன். பதினெட்டுப் படம் எடுத்திருந்தேன். எஞ்சின் தெரிந்தது, புகை தெரிந்தது, காடும் தெரிந்தது. கம்பனிக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை.

அந்த நேரம் மர்சூக் போன் எடுத்தான். நாங்கள் நின்றது மேடான அணை, அங்கே மட்டும் போனுக்கு இரண்டு கோடு சிக்னல் இருந்தது.

“மச்சான், ரயில் வாழைச்சேனைக்கு வந்து நிக்குது. முன்னுக்குப் போனது இன்னம் புணாணைக்குப் போய்ச் சேரல்லையாம். எப்ப விடுவம் எண்டு சொல்லத் தெரியாதாம். முத்தலிப் வானக் கொண்டு வாறன் எண்டு சொல்றான். இறங்கட்டா?”

“இரி, இரி. இந்தா வெளிக்கிட்டுட்டம். எட்டு மணிக்கு நாங்க புணாணையில. பிறகு உனக்கு வழி திறந்துதான்.”

“உண்மையாவா?”

“நான் ரயிலுக்குள்ளதானே நிக்கிறன். இரி எண்டா இரி.”

இதைச் சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அப்ஹாம் புல்லுக்குள்ளால் நடந்து வந்தான்.

“படம் கிடைச்சா அங்கிள்? கிடைச்சா இப்பிடியே போயிடுவம். இல்லாட்டி இன்னொரு தரம் விடலாம், டிரைவர் ஓம் எண்டிட்டார். நீங்க சொல்றதுதான்.”

கிடைச்சிது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பதினெட்டுப் படத்தைப் பற்றியும் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். வெயில் மரங்களுக்கு மேலால் வந்து தண்டவாளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்திருந்தது. காற்று விழுந்துவிட்டது. இன்னும் பத்து நிமிசத்தில் இந்த வெளிச்சம் போய்விடும், என் சீவியத்தில் திரும்ப வராது. கால்மணித்தியாலம்தானே, மர்சூக் எட்டரைக்கு வெளிக்கிட்டாலும் ஒன்பதரைக்குப் போய்விடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன். எனக்கு வேண்டியபடி வந்த கணக்கு அது.

“வடிவா வரல்ல. இன்னொரு தரம் விடுங்க,” என்றேன்.

சிவப்புத் தொப்பிக்காரரை நானே போய்ப் பிடித்துப் பின்னுக்கு நிறுத்தினேன். ரயில் வளைவுக்குள் பின்வாங்கி மறைந்தது. கொஞ்ச நேரம் காடு மட்டும் இருந்தது. பிறகு சத்தம் வந்தது, பிறகு புகை, பிறகு எஞ்சின். புகை நேரே மேலே எழும்பி, மரங்களுக்கு மேல் வெயில் பட்ட இடத்தில் பொன்னிறமாகி நின்றது. பள்ளத்திலிருந்த கொக்குகள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. நான் அழுத்தினேன். அழுத்தும்போதே தெரிந்துவிட்டது, இருபத்தெட்டு வருசத்தில் நான் எடுத்த படங்களில் இதுதான் படம் என்று.

எங்களைத் தாண்டி நூறு மீற்றர் தூரத்தில் ரயில் நின்றது. எல்லோரும் ஏறினோம். ரயில் புறப்படவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை, அப்ஹாமின் ஆட்கள் பாற்சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணியானதும் நான் இறங்கி எஞ்சினடிக்குப் போனேன். கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளும் குழாய் அடைத்துக்கொண்டதாம். முன்னும் பின்னுமாக இரண்டு தரம் ஓடியதில் தண்ணீர் இறங்கிவிட்டது. நெருப்பைத் தணித்து, குழாயைக் கழற்றித் துப்பரவாக்கி, திரும்ப மூட்டி நீராவி ஏற வேண்டும். டிரைவர் வேர்த்து வழிந்துகொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று சிங்களத்தில் கேட்டேன். என்னைப் பார்க்காமலே எஞ்சினைக் காட்டி, “கிழவி சொல்றதுதான் நேரம் மாத்தயா,” என்றார்.

போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. நூறு மீற்றர்தான், ஆனால் அங்கே பாதை மண்மேட்டுக்கு நடுவில் போனது. அந்த அணைக்குத் திரும்பிப் போய், இறங்கு, வானுக்குச் சொல்லு என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் இப்போதும் ஒன்பதரைக்குப் போய்விடுவான். தண்டவாளத்தில் ஓடத் தொடங்கினேன். ரயிலின் கார்ட் விசிலை ஊதிக்கொண்டு பின்னால் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். பிடித்துவிட்டு முன்னால் கையைக் காட்டினார்.

அணையில், சற்று முன் நான் குந்தியிருந்த புற்றடியில், யானைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஏழெட்டு இருக்கும், குட்டியும் நின்றது. கடந்து போகும் என்று பார்த்தால் போகவில்லை. அணையில் நின்று மண்ணை அள்ளி முதுகில் போட்டன, புல்லைப் பிடுங்கித் தட்டித் தட்டித் தின்றன. பெட்டிகளிலிருந்து எல்லோரும் தலையை நீட்டிப் படம் எடுத்தார்கள். அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம் என்று சிவப்புத் தொப்பிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். என் கமரா கழுத்தில் தொங்கியது. நான் கார்ட்டோடு தண்டவாளத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டே கால். எட்டரை. எட்டே முக்கால். இப்படிப் பயந்து நான் ஒரு நாளும் நின்றதில்லை. யானைக்குப் பயந்தல்ல.

நாங்கள் புணாணைக்குப் போய்ச் சேரும்போது ஒன்பதே கால். பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கினோம். மற்ற ரயில் வர ஒன்பது நாற்பது ஆனது. மூன்றாவது பெட்டி ஜன்னலில் மர்சூக் இருந்தான். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு சின்னப் பை. நான் கமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அப்ஹாம், “அங்கிள், இன்னும் படம் இருக்கே,” என்று கூப்பிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ எங்க?” என்றான் மர்சூக்.

“உன்னோட வாறன்.”

அவன் காலை ஒடுக்கி எனக்கு இடம் விட்டான். என்ன நடந்தது என்று கேட்டான். எஞ்சின் பழுது என்றேன். அது பொய்யில்லை. “பழசுதானே, என்ன செய்ற,” என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

வெலிக்கந்தையில் இன்ஷிரா போன் எடுத்தாள். எங்க மாமா வாறீங்க என்று கேட்பது எனக்கும் கேட்டது. மர்சூக் இடத்தைச் சொன்னான். பள்ளிவாசல் ஆட்கள் பத்தே கால் வரை பார்க்கிறார்களாம். மர்சூக் தொடையில் விரலால் ஏதோ எண்ணிக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டு வந்தான். ரயில் நல்ல வேகமாகத்தான் ஓடியது. மன்னம்பிட்டிப் பாலத்துக்கு முன் மறுபடி போன் அடித்தது. அப்போது பத்து இருபது.

“மாமா, இனிப் பொறுக்க ஏலாதாம். வெயிலும் ஏறிட்டாம். என்னத்த மாமா சொல்ல?”

அந்தப் பிள்ளை அழுதுகொண்டே கேட்டாள். மர்சூக் கண்ணை மூடிக்கொண்டான்.

“சரி மகள். எடுக்கச் சொல்லுங்க,” என்றான்.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கீழே ஆறு போனது. நான் அவனுடைய முழங்கால் மேல் கை வைத்தேன். இப்போது சொல்லு, இப்போதே சொல்லு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை.

பத்து நாற்பதுக்குக் கதுருவெலயில் இறங்கி ஓட்டோ பிடித்து மையவாடிக்குப் போனோம். நான் வாசலில் நின்றுகொண்டேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. பலகை வைத்து மூடி, மண்ணும் பாதிக்கு மேல் தள்ளிவிட்டார்கள். மர்சூக் முழங்காலை இழுத்து இழுத்து ஓடிப் போனான். சனம் விலகியது. சாரத்தில் மண் அப்பிய ஒரு முதியவர் வந்து அவனுடைய இரண்டு கையையும் பிடித்தார். றஸீனாவின் புருசனுடைய பெரியப்பா மகன் அவர்.

“ஆரு காக்கா வைச்ச?” என்று மர்சூக் கேட்டான்.

“நான்தான் தம்பி. வேற ஆரும் இல்ல. கண்ண மூடிக்கிட்டுத்தான் வைச்சன்.”

மர்சூக் அவருடைய கையைத் தன் நெஞ்சில் வைத்து, அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும் என்று சொன்னான். பிறகு குனிந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டான். மூன்றாவது பிடியைக் கனநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

பின்னேரம் பஸ்ஸில் ஒன்றாகத் திரும்பினோம். ஓட்டமாவடி தாண்டியதும், “நீ கூட வந்ததுதான் மச்சான் எனக்குப் பெலன்,” என்றான். நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய விருந்திலும் என்னைப் பக்கத்தில் இருத்தி, வந்த ஆட்களுக்கெல்லாம், இவன்தான் தன்ர வேலைய விட்டுப்போட்டு என்னோட மையவாடிக்கு வந்தவன் என்று காட்டினான். அவர்கள் என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். ஒரே சகன் தட்டில் சாப்பிட்டோம். நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அவன் என் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தான். அந்தச் சோறு எனக்குள் இறங்கின விதம் எனக்குத்தான் தெரியும்.

அந்தப் படம் கம்பனிக்கு அப்படிப் பிடித்துவிட்டது. பெரிதாக்கிச் சட்டம் போட்டுப் பன்னிரண்டு வேண்டும் என்று அப்ஹாம் கேட்டான், ஹோட்டல்களில் மாட்டுவதற்காம். வேறொருவரிடம் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருபத்தாறு வருசத்துக்குப் பிறகு வேறொருவரிடம் கொடுத்தால் மர்சூக் காரணம் கேட்பான். கடைசியில் பன்னிரண்டு பிரதியையும் சுருட்டிக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன்.

அவன் ஒன்றை மேசையில் விரித்து, நாலு மூலைக்கும் கட்டை வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான். நல்ல படம் என்றால் அவன் நாக்கால் ஒரு சத்தம் போடுவான். போட்டான்.

“இது அண்டைக்கு எடுத்ததா?”

“ஓம்.”

“புகை என்ன நேரா நிக்குது. இந்தக் கொக்குகள் பறக்கிற நேரத்தப் பிடிச்சிரிக்கிறியே. எத்தினயாம் தரம் மச்சான் இது மாட்டின?”

அவன் தொழில்காரன், ஆசையோடுதான் கேட்டான். ஒரே தரத்தில் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நான் எது சொன்னாலும் நம்புகிறவன்தானே.

“ரெண்டாந்தரம்,” என்றேன். “முதல் தரம் வடிவா வரல்ல. எனக்காகத்தான் திரும்ப விட்டவங்க. நீ எனக்குப் போன் எடுத்த பிறகு. நான்தான் விடச் சொன்னன். அதுக்குப் பிறகுதான் எஞ்சின் பழுதாப் போனது.”

அவன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“இறங்கட்டா எண்டு கேட்ட பிறகா?”

“ஓம்.”

“அதால எவ்வளவு நேரம் போச்சுது?”

“ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும்.”

உதட்டை அசைத்துக் கணக்குப் பார்த்தான். என் கணக்கைப் போலன்றி அவனுடையது நேராக வந்தது.

“அப்ப ஒம்பதரைக்கு நான் அங்க,” என்றான். “முகத்தப் பாத்திரிப்பன். நான் வைச்சிரிப்பன்.”

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டி மறித்தான். கண்ணாடியைத் திரும்ப மூக்கில் இறக்கி, அளவுகோலை எடுத்து, படத்தின் நீளத்தை அளந்து தாளில் எழுதினான். பிறகு அகலத்தை அளந்து எழுதினான்.

“வெள்ளிக்கிழமை முடியும்,” என்றான்.

வெள்ளிக்கிழமை அவனுடைய மகன் ஷிஹான் ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினான். ஒவ்வொன்றையும் பழைய பேப்பரில் சுற்றி, மூலைகளுக்கு மட்டை வைத்துக் கட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டிலும் ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை. ஷிஹான் போகாமல் வாசலில் நின்றான். என்ன மகன் என்று கேட்டேன்.

“வாப்பா ஒண்டு சொல்லச் சொன்னவர் அங்கிள்,” என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. “இனிமே சட்டம் அடிக்க வேற ஆளப் பாக்கட்டாம்.”